விடை தெரிந்த சோதனைகள்

சிறுமலை அடிவாரத்து ஊர்களிலிருந்து பி.எஸ்சி. இயற்பியலில் சேரும் பிள்ளைகள் எல்லோரும் வீட்டில் சந்திக்கும் கேள்வி ஒன்றுதான்: படித்தால் என்ன வேலை கிடைக்கும்? நியாயமான கேள்வி. மூன்றாண்டுப் பட்டத்தை மட்டும் வைத்து நேரடியாகப் பெறக்கூடிய வேலைகள் குறைவு, பி.எட்., எம்.எஸ்சி. என்று படிப்பு நீள்கிறது. ஆனால் இந்தப் படிப்பின் பெரிய குறை வேலைச் சந்தையில் இல்லை, ஆய்வகத்தில் இருக்கிறது. அதன் பெரும் பலமும் அங்கேதான் இருக்கிறது.

நியூட்டன் வளையச் சோதனையைப் பாருங்கள். சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியில், குவிலென்சுக்கும் கண்ணாடித் தட்டுக்கும் நடுவிலுள்ள காற்றுப் படலம் இருளும் ஒளியுமாக வளையங்களைக் காட்டும். நகரும் நுண்ணோக்கியின் திருகை ஒரே திசையில் சுழற்றி ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். பாதியில் திருப்பிச் சுழற்றினால் மரையின் தொய்வு அளவீட்டைக் கெடுத்துவிடும். வளைய எண்ணுக்கு எதிரே விட்டத்தின் இருமடியைக் குறித்தால் நேர்கோடு வரும். லென்சின் வளைவு ஆரம் தெரிந்திருந்தால், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அலைநீளம் அந்தக் கோட்டின் சாய்விலிருந்து கிடைத்துவிடும். பொறுமையும் நேர்மையும் இருந்தால் எளிய கருவியே இவ்வளவு சொல்லும் என்பதை வேறெந்தப் பாடம் இப்படிக் கற்றுத்தரும்?

ஆனால் 5893 ஆங்ஸ்ட்ராம் என்ற விடை மாணவருக்கு முன்பே மனப்பாடம். விடை எவ்வளவு நெருங்கியது என்பதற்கே மதிப்பெண் என்றால், விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு ரீடிங் எழுதும் ஆசை வரத்தான் செய்யும். ரெக்கார்டு நோட்டு அழகாக இருக்கும், அளவீடு நடந்திருக்காது.

சிறுமலை இருக்கும் இதே திண்டுக்கல் மாவட்டத்தில், 1899இல் தொடங்கிய கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில், நிறமாலைக் கோடுகளின் சிறு இடப்பெயர்ச்சியை ஜான் எவர்ஷெட் 1909இல் கவனித்தார். சூரியப் புள்ளிகளில் வாயு ஆரத்திசையில் பாய்வதை உலகம் அறிந்தது அப்படித்தான். எதிர்பார்த்த எண்ணுக்கு ஏற்ப அவர் ரீடிங்கைத் திருத்தியிருந்தால் அந்தக் கண்டுபிடிப்பே இல்லை.

விடை தெரியாத சோதனைகளைக் கொடுப்பதே மாற்று. திண்டுக்கல்லிலும் சிறுமலை மேலும் நீரின் கொதிநிலையை அளந்து, மலையின் உயரத்தைக் கணக்கிடச் சொல்லலாம். சுமார் 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஒரு டிகிரி குறையும். ஆகவே ஒரு டிகிரி பிசகினால் உயரத்தில் 300 மீட்டர் தவறும். தன் கருவியை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை மாணவர் தானே உணர்வார். அந்தப் பிழையை நேர்மையாக எழுதியவருக்கே முழு மதிப்பெண் கொடுக்க வேண்டும். அப்படிப் பழகியவர் ஆசிரியராகலாம், வங்கியில் சேரலாம், ஆராய்ச்சிக்குப் போகலாம். சான்றை எடைபோடும் திறன் எங்கும் தேவைப்படுகிறது; அதைத் தர முடிந்த படிப்பு, அதற்கு மதிப்பெண் தர மறுப்பதுதான் பெரும் இழப்பு.