பெரிய வாய்க்காலுக்கு அப்பால்: புதுச்சேரி நகர ஆய்வில் பொருளியல் நோக்கு

முன்னுரை

புதுச்சேரி குறித்த எழுத்துகள் பலவும் நகரத்தைப் பெரிய வாய்க்காலால் பிரித்துக் காண்கின்றன. கிழக்கே கடலை ஒட்டி வெள்ளையர் பகுதி. மேற்கே தமிழர் பகுதி. நிற வேற்றுமை இப்பிரிவினையில் செயற்பட்டது என்பதில் ஐயமில்லை. எனினும், இதனை இரு பண்பாடுகளின் அருகமைவாக மட்டும் விளக்குவது, நகரத்தை இயக்கிய பொருளியலை மறைத்துவிடுகிறது.

நாட்குறிப்பு காட்டும் நகரம்

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு (1736–1761) பெரிதும் அரசியல் வரலாற்றுச் சான்றாகவே பயிலப்படுகிறது. கப்பல் வரவு, துணிப் பொதி, கடன், தரகு ஆகியவை பற்றிய அதன் பதிவுகளை ஒருங்கே நோக்கினால் வேறொரு நகரம் புலனாகும். வாய்க்கால் குடியிருப்பைப் பிரித்தது. சரக்கையும் பணத்தையும் பிரிக்கவில்லை. பிரெஞ்சுக் கம்பெனியின் துணி வணிகம் தமிழ் வணிகர்களையும் துபாசிகளையும் சார்ந்தே நடைபெற்றது. துணியை நெய்தோரின் குரலோ அதில் அரிதாகவே ஒலிக்கிறது. நாட்குறிப்பாளர் தாமே அவ்வணிகத்தில் பங்குடையவர் என்பதால், இம்மௌனமும் ஆய்வுக்குரிய சான்றாகிறது.

ஆலைகளின் நகரம்

19ஆம் நூற்றாண்டில் எந்திர ஆலைகள் தோன்றின. புதுச்சேரியின் நீலச் சாயத்துணி செனகல் வரை சென்று, அங்குக் கோந்து வணிகத்தில் பண்டமாற்றுப் பொருளாக வழங்கியது. நகரின் ஏற்றத்தாழ்வுகள் இவ்வாறு குடியேற்ற நாடுகளை இணைத்த சந்தையோடு பிணைந்திருந்தன. பின்னாளில் ஏ.எஃப்.டி. எனப்பட்ட ஆலை 1898இல் நிறுவப்பட்டது. ஆலைகள் எழுந்த முதலியார்பேட்டைப் பகுதி, நீள்வட்டப் புல்வார் சாலைகளுக்கு வெளியே அமைந்தது. வாய்க்காலை மட்டும் எல்லையாகக் கொள்ளும் வாசிப்பில் இவ்விடத்திற்கு இடமில்லை. ஆனால் 1936 ஜூலை 30 அன்று போராடிய ஆலைத் தொழிலாளர் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த பின்னரே, 8 மணி நேர வேலை 1937இல் சட்டமானது. நகரின் சமூக வரலாற்றில் இவ்விளிம்பு மையமாகும்.

இன்றைய நிலை

ஏ.எஃப்.டி. ஆலை 2020இல் மூடப்பட்டது. மறுபுறம், வெள்ளையர் பகுதியின் பழைய மாளிகைகள் விடுதிகளாகவும் உணவகங்களாகவும் புதுப்பிக்கப்படுகின்றன. நெசவிலிருந்து சுற்றுலாவிற்கு மூலதனம் நகரும்போது, எது மரபு என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது: மாளிகை மரபாகிறது, ஆலை வெறும் மனையாகிறது.

முடிவுரை

பாதுகாக்க வேண்டியவற்றைத் தேர்வதும் ஒரு வரலாற்று விளக்கமே. இரு பண்பாட்டு வாசிப்பை ஆய்வாளர் மீளவும் ஏற்பின், இத்தேர்வுக்கு அறிந்தோ அறியாமலோ துணைநிற்பவராவர். ஆலைப் பதிவேடுகளும் தொழிலாளர் நினைவுகளும் அழியுமுன் தொகுக்கப்படுதல் வேண்டும். நாட்குறிப்பு விட்டுச்சென்ற மௌனத்தை இக்கால ஆய்வும் தொடர்தல் தகாது.