பாதி நீரில், பாதி காற்றில்

வேகமாகப் போகும் ரேடியோ கன்ட்ரோல் படகைக் கரையிலிருந்து பார்க்கும்போது என் கண் முதலில் போவது அதன் பின்னால் சேவல் வால் போல வளைந்து எழும் நீருக்குத்தான். நீர் தடித்து உயர எழுந்தால், மோட்டாரின் சக்தி தண்ணீரை வாரி இறைப்பதில் கரைகிறது என்று பொருள். மெலிந்து, தாழ்ந்து, நீளமாகப் போனால் அந்தச் சக்தி படகைத் தள்ளுகிறது. படகைக் கட்டியவரின் கைவேலை அத்தனையும் அந்த நீரில் தெரிந்துவிடும்.

மின்சாரம் இந்தக் கலைக்குப் புதிதல்ல. 1898இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நிகோலா டெஸ்லா ஒரு சிறு படகைத் தொட்டியில் மிதக்கவிட்டு, ரேடியோ அலைகளால் இயக்கிக் காட்டினார். அதற்குள் இருந்தவை பேட்டரியும் மின்மோட்டாரும்தான். பிறகு பல பத்தாண்டுகள் வேகம் வேண்டுமென்றால் எரிபொருள் எஞ்சின் என்ற நிலை இருந்தது. பிரஷ்லெஸ் மோட்டாரும் லித்தியம் பாலிமர் பேட்டரியும் பரவிய பிறகு அது மாறியது. இன்று கடையில் வாங்கிய படகே மணிக்கு 60 கிலோமீட்டரைத் தொட்டுவிடும். அதற்கு மேல் வரும் ஒவ்வொரு கிலோமீட்டரையும் கையால் சம்பாதிக்க வேண்டும். எனக்குப் பிடித்ததும் அந்தச் சம்பாத்தியம்தான்.

வேகம் கூட்ட நினைப்பவர்கள் முதலில் கை வைப்பது பேட்டரியில். நான்கு செல் பேட்டரி 14.8 வோல்ட், ஆறு செல் 22.2. அதே மோட்டார், அதே புரொப்பல்லரோடு ஆறு செல்லுக்குத் தாவினால் சுழற்சி ஒன்றரை மடங்காகும். ஆனால் புரொப்பல்லர் கேட்கும் சக்தி சுழற்சியின் மும்மடிக்கு ஏற்பக் கூடுவதால் மூன்று மடங்கையும் தாண்டும். ஸ்பீடு கன்ட்ரோலர் புகைந்து போவது பெரும்பாலும் இப்படித்தான். வோல்டேஜை ஏற்றுவதற்கு முன்னால், இருக்கிற சக்தி எங்கெல்லாம் ஒழுகுகிறது என்று தேடுவதே அழகான வேலை.

அந்தத் தேடல் புரொப்பல்லரில் தொடங்க வேண்டும். அமெரிக்காவின் ஆக்டுரா தயாரிக்கும் எக்ஸ் 442 என்ற இரண்டு இதழ் புரொப்பல்லரை எடுத்துக்கொள்வோம். பெயரிலேயே அளவு இருக்கிறது: எக்ஸ் 4 வரிசை என்றால் விட்டத்தைப் போல 1.4 மடங்கு பிட்ச். 42 என்பது மில்லிமீட்டரில் விட்டம். ஆக, ஒரு சுற்றுக்குக் கணக்குப்படி 58.8 மில்லிமீட்டர் முன்னே போக வேண்டும். வோல்ட்டுக்கு 1,800 சுற்று சுற்றும் மோட்டாரை நான்கு செல்லில் ஓட்டினால் நிமிடத்துக்கு 26,640 சுற்று. பெருக்கிப் பார்த்தால் மணிக்கு 94 கிலோமீட்டர். தண்ணீரில் அவ்வளவு வராது. பாரம் ஏறியதும் சுழற்சி குறையும். நீரில் வழுக்கலும் உண்டு. அந்தக் காகிதக் கணக்குக்கும் தண்ணீரில் கிடைக்கும் வேகத்துக்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பதில்தான் கலைஞன் தெரிவான்.

பெட்டியிலிருந்து எடுத்த புரொப்பல்லர் வார்ப்பிலிருந்து வந்தபடியே இருக்கும். விளிம்புகள் தடித்து மழுங்கியிருக்கும். நீரை வெட்டும் முன்விளிம்பை அரத்தால் சீவிக் கூராக்க வேண்டும். நீரைத் தள்ளும் முகத்தைத் தொடவே கூடாது. படகைப் பார்த்திருக்கும் பக்கத்தில் மட்டும் உலோகத்தை எடுக்க வேண்டும். இது பெரிலியம் கலந்த செம்பு. தூள் நுரையீரலுக்குக் கேடு என்பதால் முகமூடி அணிந்து, ஈரம் வைத்துத் தேய்ப்பதே முறை. பிறகு சமநிலை. இரண்டு காந்தங்களுக்கு நடுவே ஒரு மெல்லிய தண்டில் புரொப்பல்லரைக் கோத்து விட்டால் கனமான இதழ் மெதுவாகக் கீழே இறங்கும். அதன் முதுகில் உப்புத்தாளால் நாலு தேய்ப்பு, மறுபடி தண்டில் ஏற்று, மறுபடி தேய். எந்தக் கோணத்தில் விட்டாலும் அசையாமல் நிற்கும் வரை இப்படியே போகும். நொடிக்கு நானூறுக்கும் மேல் சுற்றும் பொருளில் அணுவளவு எடை வித்தியாசமும் தண்டை உலுக்கி, பேரிங்கைத் தின்றுவிடும். நன்றாகச் சீவி மெருகேற்றிய புரொப்பல்லரை விரலிடுக்கில் திருப்பிப் பார்ப்பதில் ஒரு நகையைப் பார்க்கும் சுகம் உண்டு.

இந்தப் புரொப்பல்லர் முழுதாக நீருக்குள் மூழ்குவதில்லை. படகு எழும்பி ஓடும்போது அதன் கீழ்ப்பாதிதான் நீரைக் கடிக்கிறது. மேல்பாதி காற்றில் சுற்றுகிறது. தண்டும் அதைத் தாங்கும் ஸ்ட்ரட்டும் நீரில் இழுபடாததால் தடை வெகுவாகக் குறையும். பெரிய படகுகளில் இந்த உத்தியின் வலிமையை உலகுக்குக் காட்டியது ஸ்லோ-மோ-ஷன் 4. டெட் ஜோன்ஸ் வடிவமைத்து, ஸ்டான் சேயர்ஸ் ஓட்டிய அந்தப் படகு, வேகத்தில் முன்புற இரு மிதவைகளின் நுனியிலும் பாதி புரொப்பல்லரிலும் மட்டுமே தங்கி ஓடும். 1939இல் மால்கம் கேம்ப்பெல் வைத்த மணிக்கு 141.74 மைல் என்ற நீர்வேகச் சாதனையை 1950இல் சியாட்டிலின் வாஷிங்டன் ஏரியில் அது 160 மைலுக்கு மேல் ஓடி முறித்தது. நம் சிறு படகில் ஸ்ட்ரட்டை அரை மில்லிமீட்டர் ஏற்றி இறக்குபவர் அதே விஷயத்தைத்தான் கையாள்கிறார்.

அடிப்பாகத்தைப் பலர் கவனிப்பதில்லை. படகைக் கவிழ்த்து, பின்பாதியில் ஒரு இரும்பு ஸ்கேலை நீளவாக்கில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். உட்குழிவு இருந்தால் மூக்கு நீரில் அழுந்தும். புடைப்பு இருந்தால் படகு குதித்துக் குதித்துப் போகும். குழியை நிரப்பி, புடைப்பைச் சீவி, பின்பலகை விளிம்பைக் கத்தி முனையாக்கினால், நீர் அங்கே சட்டென்று அறுந்து விலகும். ஒரு ரூபாய் மின்சாரம் கூடுதலாகச் செலவாகாமல் கிடைக்கும் வேகம் இது. எனக்கு இதைவிட மதிப்பான வேகம் வேறில்லை.

எடை நடுப்புள்ளி, வி வடிவ அடிப்பாகம் கொண்ட படகில், பின்பலகையிலிருந்து நீளத்தில் ஏறக்குறைய 30 சதவீதத்தில் இருக்க வேண்டும். பேட்டரியை விரல் அகலம் பின்னே தள்ளினால் நனையும் பரப்பு குறைந்து வேகம் கூடும். இன்னும் கொஞ்சம் தள்ளினால் காற்று அடியில் புகுந்து மூக்கைத் தூக்கி, படகையே மல்லாத்திவிடும். மால்கமின் மகன் டொனால்ட் கேம்ப்பெல் 1967 ஜனவரியில் கானிஸ்டன் ஏரியில் மணிக்கு 300 மைல் வேகத்தைத் துரத்தியபோது அவருடைய படகு ப்ளூபேர்ட் கே7 அப்படித்தான் எழும்பிக் கவிழ்ந்தது. அவர் உயிர் பிழைக்கவில்லை. சிறு படகு கவிழ்ந்தால் சேதம் படகோடு போகும். மூழ்காமலிருக்க உள்ளே நுரைத்துண்டுகளைத் திணித்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டுவது கட்டாயம்.

இந்தச் சிறு படகுகளுக்கான அமெரிக்க வேகப் போட்டிகளில் 330 அடி தூரத்தை எதிரெதிர்த் திசைகளில் ஓடி, சராசரியை எடுக்கிறார்கள். காற்று ஒரு பக்கம் தந்த சலுகை மறுபக்கம் கழிந்துவிடும். மணிக்கு 100 கிலோமீட்டரில் அந்தத் தூரம் நாலு நொடிகூட இல்லை.

ஓட்டம் முடிந்ததும் முதலில் மோட்டாரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பிறகு ஸ்பீடு கன்ட்ரோலரை, பேட்டரியை, கனெக்டர்களை. கை வைக்க முடியாத சூடு என்றால் 40 மில்லிமீட்டர் புரொப்பல்லருக்கு இறங்க வேண்டும். எல்லாம் இளஞ்சூட்டில் இருந்தால் 44ஐ மாட்டிப் பார்க்கலாம். இரண்டு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். அதே சுழற்சியில் அது கால் பங்குக்கும் மேல் கூடுதல் சக்தி கேட்கும். ஆகவே முதல் ஓட்டம் அரை நிமிடம் போதும். கரைக்குக் கொண்டுவந்து, மூடியைத் திறந்து, மறுபடி தொட்டுப் பாருங்கள்.