துண்டுகளும் தையலும்

அண்மைக்காலமாக எமது பன்மைத்துவக் கட்டுரைகளில் ஒட்டுப்போர்வை உவமையாக அடிபடுகிறது. பகலில் தையல் மெஷினோடு மாரடிப்பவன் என்ற முறையில் எனக்கு இதில் சொல்ல ஒன்றுண்டு.

3.5 அங்குலச் சதுரங்கள் மூன்றை வரிசையாகத் தைத்தால் 10.5 வராது, 9.5தான். ஒவ்வொரு இணைப்பிலும் இருபக்கத் துண்டும் கால் அங்குலம் மடிந்து மறைகிறது. சதுரத்தை மூலைக்கு மூலை வெட்டி முக்கோணமாக்கினாலோ, வெட்டிய விளிம்பு இழைக்குக் குறுக்கே போவதால் இழுத்தால் நீளும், முனைகள் பொருந்தா.

பர்மாவில், யங்கோனுக்கு வடக்கே மாவ்பியிலும்தான், கார்காலம் முடியப் பிக்குகளுக்குக் கட்டின சீவரம் வழங்குவர். மகதத்து வயல்வரப்புகளைக் காட்டி, அவ்வாறே துண்டுகளை இணைக்கும்படி புத்தர் ஆனந்தரிடம் சொன்னதாக விநயபிடகம் கூறும். எறிந்த கந்தை பொறுக்கிய துறவிக்கு அது தேவை. இன்று புதுத்துணியை வெட்டி, வெட்டியதையே தைக்கிறார்கள். வறுமை போய் வடிவம் மிஞ்சிற்று.

எமது உவமையும் இந்தக் கதிதான். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களை ‘இணைந்து வாருங்கள்’ என்றழைப்பவர்கள், யாழ்ப்பாணத்து வெள்ளாளத் துண்டு எவ்வளவு மடியும் என்று எழுதிக் காணோம். மலையகத்தாரிடமும் இதே அழைப்புத்தான். தையலுக்கு விளிம்பு விடாத துண்டு எதுவோ, அதுதான் முதல் சலவையிலேயே இழைபிரிந்து கழன்றுபோகும்.