ஒரு ‘ஆம்’, ஒரு ‘ம்’

எங்கள் ஆச்சிக்குக் கதை சொல்ல இருட்டு வேண்டும். வாசலில் பாயை விரித்து நாலைந்து பிள்ளைகளை வரிசையாகப் படுக்கப்போட்டுவிட்டு, “ஒரு ஊர்ல ஒரு ராசாவாம்” என்பாள். அதோடு நிறுத்திவிடுவாள். நாங்கள் ‘ம்’ என்றால்தான் அடுத்த வரி. “அந்த ராசாவுக்குப் பிள்ளையே இல்லியாம்.” ம். “ராணி போகாத கோயில் இல்லியாம்.” ம். வரிக்கு ஒரு ‘ம்’ கூலி. ஒவ்வொரு பிள்ளையாக உறங்க உறங்கக் கூலி குறைந்துகொண்டே வரும். கடைசி ‘ம்’ அடங்கியதும் ராசாவை நடுக்காட்டிலேயே விட்டுவிட்டு, வெற்றிலைப் பெட்டியைத் தேடி எழுந்து போய்விடுவாள். அப்படி முடிவு தெரியாமல் போன கதைகள் எனக்கு நிறைய உண்டு.

அந்த வாசலில் கேட்ட இரண்டு சத்தங்களைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். சொல்கிறவர் வாயில் வரும் ‘ஆம்’, கேட்கிறவர் வாயில் வரும் ‘ம்’. இவை இரண்டையும் காதில் பிடிக்கப் பழகிக்கொண்டால் டீக்கடை, டவுன் பஸ், ரேஷன் கடை வரிசை, கல்யாண வீடு என்று எங்கே போனாலும் கேட்கத் தகுந்த கதை ஒன்று நடந்துகொண்டிருப்பது தெரியும். கதை என்றால் ராஜா ராணிக் கதை மட்டும் இல்லை. நேற்று பக்கத்துத் தெருவில் நடந்ததும் கதைதான். யாழ்ப்பாணத்தார் பேசுவதையே ‘கதைப்பது’ என்கிறார்கள். நாமோ கதையைக் கட்டுகிறோம், அளக்கிறோம், விடுகிறோம். ஆசையாகக் கேட்டுக்கொண்டே சந்தேகப்படவும் தெரிந்தவர்கள் வைத்த சொற்கள் இவை.

முதலில் ‘ம்’மைக் கவனியுங்கள். நாலு பேர் கூடி ஒருவர் பேசும் இடத்தில் எல்லோருடைய கண்ணும் பேசுகிறவர் மேல் இருக்கும். நீங்கள் கேட்கிறவர்களைப் பாருங்கள். கதையை ஓட்டுவது அவர்கள்தான். ‘மேலே சொல்’ என்பதற்கு வெட்டினாற்போல் ஒரு ‘ம்’. ‘அப்படியா சங்கதி’ என்பதற்கு மேலே ஏறி நிற்கும் ‘ம்?’. நம்பவில்லை, ஆனால் எதிர்த்துப் பேச மனமில்லை என்பதற்கு மூக்கிலேயே இழுபடும் ‘ம்ம்ம்’. துக்கம் என்றால் நாக்கை மேலண்ணத்தில் தட்டி உச்சுக்கொட்டுவது. நல்ல கதைசொல்லிக்கு இந்தச் சத்தங்களில் ஒன்றுகூடத் தப்பாது. இழுபட்ட ‘ம்ம்ம்’ ஒன்று வந்துவிட்டால் அடுத்த வரியில் சாட்சிக்கு ஆள் வந்துவிடும்: “நம்ம மேலத்தெரு வாத்தியார்கூட அப்பம் அங்கதான் நின்னாரு.”

வில்லுப்பாட்டில் இந்த ‘ம்’முக்கு மேடையிலேயே இடம் உண்டு. புலவர் வில்லைத் தட்டி ஒரு வரி சொன்னதும் குடம் அடிக்கிறவரும் ஜால்ரா போடுகிறவரும் ‘ஆமா’ போடுவார்கள். ‘அப்படியா?’ ‘ஏன் அப்படிச் செஞ்சாரு?’ என்று கேட்பார்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்காக அவர்கள் கேட்கும் கேள்வி அது. நெல்லை, குமரிப் பக்கத்துக் கோயில் கொடையில் அடுத்த முறை வில்லுப்பாட்டு கேட்டால் பின்பாட்டுக்காரர் பக்கமாக இடம்பிடித்து உட்காருங்கள். ‘ஆமா’ சோர்ந்தால் புலவர் வேகத்தைக் கூட்டுவதும், ‘ஆமா’ துள்ளினால் அதே இடத்தில் இன்னும் கொஞ்சம் தங்குவதும் அங்கிருந்து நன்றாகத் தெரியும்.

‘ம்’ கொட்ட ஆள் இல்லாதவர் கதி என்ன? ஏ.கே. ராமானுஜன் 1991இல் வெளியிட்ட இந்திய நாட்டுப்புறக் கதைத் தொகுப்பில் தமிழ்க் கதை ஒன்று இருக்கிறது. இரண்டு மகன், இரண்டு மருமகளோடு வாழும் ஒரு கைம்பெண். நாலு பேரும் அவளைப் படுத்துகிறார்கள். சொல்லி அழ ஆள் இல்லை. சொல்லாத துயரமெல்லாம் உள்ளே தங்கி உடம்பு பருத்துக்கொண்டே போகிறது. அதற்கும் ஏச்சு விழுகிறது. ஒருநாள் கால்போன போக்கில் நடந்து, கூரையில்லாத ஒரு பாழ்வீட்டுக்குள் போய் நிற்கிறாள். ஒரு சுவரிடம் மூத்த மகன் செய்ததைச் சொல்கிறாள். பாரம் தாங்காமல் சுவர் இடிந்து விழுகிறது. அவள் உடம்பு கொஞ்சம் இளைக்கிறது. ஆளுக்கொரு சுவராக நாலும் விழுந்த பிறகு லேசாகி வீட்டுக்குத் திரும்புகிறாள். சுவருக்கு ‘ம்’ கொட்டத் தெரியாது, அதனால்தான் அது இடிந்தது என்று எனக்குத் தோன்றும். மனிதர்களாக இருந்தால் ஒவ்வொரு ‘ம்’மிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பாரத்தை இறக்கி வைத்திருப்பார்கள்.

இனி ‘ஆம்’. தமிழ் பேசுகிறவர்கள் நாள் முழுக்கப் புழங்கிக்கொண்டே கவனிக்காமல் விடும் அருமையான உருப்படி இது. ‘வந்தான்’ என்றால் நான் பார்த்தேன். ‘வந்தானாம்’ என்றால் பிறர் சொல்லக் கேட்டேன். ஓரெழுத்தும் ஒரு புள்ளியும் சேர்ந்து, இந்தச் செய்திக்கு நான் பொறுப்பில்லை, வந்த வழி வேறு என்று சொல்லிவிடுகின்றன. பழைய இலக்கணக்காரர்களுக்கும் இந்த நேர்மை இருந்தது. தொல்காப்பியத்தில் ‘என்ப’ என்ற சொல் எத்தனை இடத்தில் வருகிறது என்று பாருங்கள். முன்னோர் சொல்வதைத்தான் சொல்கிறேன் என்கிற அடக்கம் அது.

இந்த ‘ஆம்’ ஒரே குரலில் வருவதும் இல்லை. “ராத்திரி கம்மாய் உடைஞ்சுட்டுதாம்” என்பது வெறும் சேதி. “உங்க பிள்ளைக்கு வேலை கிடைச்சிருக்காமே!” என்று ஓர் ஏகாரம் சேர்ந்தால், காதில் விழுந்ததை உரியவரிடமே கொண்டுபோய்ச் சரிபார்ப்பது, கூடவே ‘என்னிடம் சொல்லவில்லையே’ என்ற சின்ன மனத்தாங்கலும் ஒட்டியிருக்கும். “நாளைக்கு பஸ் ஓடாதாமா?” என்றால் உனக்கு எட்டியது என்ன என்று கேட்பது. “இவருதான் ஊருக்கே பெரியவராம்!” என்றால், கேட்டது அத்தனையும் பொய் என்று அர்த்தம். எழுத்தில் முதலாவதும் கடைசியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். காதுக்கு வேறுவேறு. ஒரு நாள் பஸ் பயணத்தில் காதில் விழும் ‘ஆம்’களை மட்டும் எண்ணிப் பாருங்கள். கையில் புத்தகமே வேண்டாம்.

புத்தகத்தில்தான் வேண்டும் என்றால் கி. ராஜநாராயணனிடம் போங்கள். இடைசெவலில் 1923இல் பிறந்து 2021இல் மறைந்த அந்தப் பெரியவர், கரிசல் மண்ணின் சொற்களுக்கு 1982இல் அகராதி போட்டவர்; ‘நாட்டுப்புறக் கதைக் களஞ்சியம்’ என்று வாய்மொழிக் கதைகளைப் பெருந்தொகுதியாகக் கொண்டுவந்தவர். அந்தக் கதைகளை மௌனமாகப் படித்தால் பாதிதான் கிடைக்கும். வாய்விட்டுப் படியுங்கள். வீட்டில் யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்து ‘ம்’ கொட்டச் சொல்லுங்கள். மீதிப் பாதி அப்போது வரும்.

கதை எப்படி உருவாகிறது என்பதை மிக அருகில் இருந்து நான் பார்த்தது ஒரு துக்க வீட்டில். உறவுக்காரர் ஒருவர் காலையில் காபி குடித்தபடியே போய்விட்டார். அவர் மனைவி, வருகிற ஒவ்வொருவரிடமும் நடந்ததைச் சொல்லவேண்டியிருந்தது. ஏழு மணிக்கு வந்தவர்களிடம் துண்டு துண்டாகத்தான் வந்தது. “காப்பி கேட்டாரு... கொண்டாந்தேன்... திரும்பிப் பாக்கேன்...” அதற்குமேல் முடியவில்லை. பத்து மணிக்கு அவர் தங்கை வந்தபோது, “காப்பியைக் குடிச்சாரு, டம்ளரைக் கீழ வச்சாரு, ‘சீனி தூக்கல்’னாரு” என்று ஒரு வரிசை கிடைத்துவிட்டது. மத்தியானம் அதோடு, “அதான் கடைசிப் பேச்சு” என்பதும் சேர்ந்தது. கொழுந்தன் மனைவி மெதுவாகத் திருத்தினார்: “இல்லக்கா, அதுக்கப்புறம் ஃபேனைப் போடச் சொன்னாகளே.” அவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். “ஆமா, போடச் சொன்னாரு.” அடுத்து வந்தவர்களுக்குச் சொன்னபோது ஃபேன் இருந்தது. சாயங்காலம் எடுத்த பிறகு வந்தவர்களுக்குச் சொன்னபோது ஃபேன் இல்லை. சீனி மட்டும் இருந்தது.

அதைப் பொய் என்று நான் நினைக்கவில்லை. ஃபேனைப் போடச் சொல்லி யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். ‘சீனி தூக்கல்’ என்பது நாற்பது வருஷமாக அவர் ஒருவர் மட்டுமே அந்த வீட்டில் சொல்லிவந்த வார்த்தை. அழுதுகொண்டே அந்த அம்மாள் தன் புருஷனுக்கு உரிய கடைசி வார்த்தையைத் தேர்ந்தெடுத்துவிட்டார். காலையிலிருந்து சொன்ன எதிலும் ஒரு ‘ஆம்’ இல்லை. எல்லாம் கண்ணால் கண்டது. திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் நின்ற இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள்: “கடைசியா ‘சீனி தூக்கல்’னாராம்.” வாசலைத் தாண்டியதும் ‘ஆம்’ ஒட்டிக்கொண்டது. ஒரு குடும்பத்தின் நினைவு ஊர்க்கதையாக மாறிய இடத்தை அந்த ஓர் ஒலியில் கேட்டேன். இத்தகைய இடங்களில் நம் வேலை ‘ம்’ கொட்டுவது மட்டும்தான். திருத்தும் உரிமை வீட்டாருக்கு.

மற்ற இடங்களில் கேள்வி கேட்பதும் ரசிப்பில் சேர்த்திதான். கேட்கும் முறை ஒன்று இருக்கிறது. டீக்கடையில் ஒருவர், வரப்பில் பன்னிரண்டடி நாகத்தைக் கண்டதாகச் சொன்னார். பெஞ்சில் இருந்த பெரியவர் ‘புளுகாதே’ என்று சொல்லவில்லை. “படுத்துக் கெடந்துதா தம்பி, ஓடுச்சா?” என்றார். ஓடியதாம். “ஓடுன பாம்பை எப்படிப்பா அளந்தே?” சொன்னவர் டீயைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். “அளக்கல தாத்தா. பயத்துல அவ்வளவு நீளமாத் தெரிஞ்சுது.” அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் கதை. கால் எப்படி நகர மறுத்தது, கையில் இருந்த மண்வெட்டி எப்படி நினைவுக்கே வரவில்லை என்றெல்லாம் சொன்னார். பாம்பு சின்னதானதும் கதை பெரிதாகிவிட்டது.

குழந்தைகளுக்கு இந்தக் கேள்வி இயல்பாக வரும். பாட்டி வடை சுட்ட கதையில், வடையைக் காலுக்கடியில் வைத்துவிட்டுப் பாடும் காக்கா எப்போது வந்தது? காக்கா தோற்பது பொறுக்காத யாரோ ஒரு பிள்ளை கேட்ட கேள்விக்கு யாரோ ஒரு அம்மா சொன்ன பதிலாகத்தான் அது இருக்கவேண்டும். “காக்கா ஏன் பாட்டிகிட்ட கேட்டு வாங்கல?” என்று உங்கள் வீட்டுப் பிள்ளை கேட்டால் வாயை அடைக்காதீர்கள். இன்னொரு கதை பிறக்கப்போகிறது.

பெரியவர்கள் கேட்ட கேள்விகளில் எனக்குப் பிடித்தது 1995 செப்டம்பர் 21ஆம் தேதி கேட்கப்பட்டது. பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று விடியற்காலையில் டெல்லியில் கிளம்பிய பேச்சு, வாட்ஸ்அப் இல்லாத அந்தக் காலத்தில் வாய்வழியாகவும் தொலைபேசி வழியாகவும் அன்றைக்கே நாடு முழுக்கப் போய்விட்டது. விஞ்ஞானிகள் யாரையும் திட்டவில்லை. பாலில் சாயம் கலந்து ஸ்பூனில் நீட்டினார்கள். சிலையின் மேல் மெல்லிய படலமாகப் பால் வழிந்து இறங்குவது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. பரப்பு இழுவிசை என்ற பாடத்தைவிட, சாயம் கலந்து பார்க்கத் தோன்றிய அந்த யோசனையை நான் ரசிக்கிறேன்.

கேள்வி கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடம் ஒரு காப்பியமே இருக்கிறது. பொற்கொல்லன் சொன்ன கதையைப் பாண்டியன் விசாரிக்காமல் நம்பினான். சிலம்புக்குள் இருப்பது முத்தா மாணிக்கமா என்று பார்த்திருக்கவேண்டிய நேரத்தில் பார்க்கவில்லை. கண்ணகி வந்து உடைத்துக் காட்டவேண்டியதாயிற்று. நம் காலத்திலும் நடந்தது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு குடும்பம் வழி கேட்க வண்டியை நிறுத்தியது. குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு மூதாட்டியைப் பிள்ளை பிடிக்க வந்தவள் என்று கூட்டம் அடித்தே கொன்றுவிட்டது. அந்த நாட்களில் செல்போனில் சுற்றிய செய்திகளை நினைத்துப் பாருங்கள். ‘கடத்தல் கும்பல் இறங்கியிருக்கிறது’ என்று இருந்தது. ‘இறங்கியிருக்கிறதாம்’ என்று இல்லை. யாரோ ஒருவர் அந்த ‘ஆம்’மை உருவிவிட்டார். பிறகு வந்தவர் எல்லோரும் தாம் கண்டதுபோலவே அனுப்பினார்கள்.

அதே 2018 ஜூலையில் வாட்ஸ்அப்காரர்கள், பிறரிடமிருந்து வந்து அப்படியே அனுப்பப்படும் செய்தியின் தலையில் ‘ஃபார்வர்டட்’ என்று ஓர் அடையாளம் போட ஆரம்பித்தார்கள். பிறகு, பலமுறை கைமாறியதற்கு இரட்டை அம்புக்குறி. 2020 ஏப்ரலில், அப்படிப்பட்டதை ஒரு தடவைக்கு ஒருவருக்கு அல்லது ஒரு குழுவுக்கு மேல் அனுப்ப முடியாது என்றார்கள். கணினிக்காரர்கள் செய்தது நம் ஆச்சிமார் வரிக்கு வரி செய்துவந்ததைத்தான். அந்த அம்புக்குறியைப் பார்த்தால் செய்தியின் ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் ஓர் ‘ஆம்’ போட்டு வாய்விட்டுப் படியுங்கள். ‘இந்தக் கிழங்கைச் சாப்பிட்டால் சர்க்கரை நோய் ஓடிவிடுமாம்.’ காதே தீர்ப்புச் சொல்லிவிடும்.

தன் அனுபவத்துக்கு யாரும் ‘ஆம்’ போடுவதில்லை. ‘எனக்குப் பசிக்குதாம்’ என்று சொல்ல முடியாது. ஒரே ஒரு கதை மட்டும் விலக்கு. “நான் பொறந்த அன்னைக்குப் பேய் மழையாம்” என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். அங்கே இருந்தேன், ஆனாலும் எனக்கு அது கேள்விதான். அம்மா சொன்ன கதை. ஓடையில் வெள்ளம், மருத்துவச்சியை ஆள் தூக்கி வந்தார்கள், தீப்பெட்டி நமத்துப்போயிற்று என்று வருஷம் தவறாமல் சொல்வாள். அம்மா போய்ப் பல வருஷம் கழித்து, போன தீபாவளிக்கு வந்த சித்தியிடம் அதைச் சொன்னேன். அவள் முறுக்கைக் கடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். ஓடை வரைக்கும் வெட்டினாற்போல் ‘ம்’. மருத்துவச்சிக்கு ‘ம்ம்ம்’ என்று இழுபட்டது.

“மழையா?” என்றாள். “நீ பொறந்தது சித்திரையில்லா. சுட்டெரிக்கிற வெயிலு. மழை பெஞ்சது உங்க அண்ணன் பொறந்தப்ப.”

“அம்மா எனக்குன்னுதானே சொல்லுவா?”

சித்தி முறுக்கைத் தட்டில் வைத்தாள். “உனக்குத்தான் சொல்லுவா. நீதான அவகிட்ட உக்காந்து ‘ம்’ கொட்டுனே.”