வெறியும் தேறலும்: கல்கியின் பொன்னியின் செல்வனில் மாந்திரிகம், மது, காதல்

ஆய்வுச்சுருக்கம்

சங்க இலக்கியத்தில் வேலன் வெறியாட்டு, தேறல், களவுக் காதல் ஆகிய மூன்றும் ஒரே நிலத்தில், பல இடங்களில் ஒரே காட்சியில் இணைந்து வருகின்றன. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' இவற்றுள் வெறியாட்டையும் காதலையும் எடுத்துக்கொண்டு தேறலைப் பின்னுக்குத் தள்ளுகிறது. வெறியாட்டின் பொருளையும் அது மாற்றிவிடுகிறது. அகப்பாடல்களில் வேலன் பிழைபட்டவன். நாவலில் அவன் சதிகாரன். உடையார்குடிக் கல்வெட்டு, மதுவிலக்கு இயக்கம், சங்கப் பனுவல்கள் ஆகியவற்றின் துணைகொண்டு இம்மாற்றத்தின் காரணத்தையும் விளைவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வெறியாட்டு, தேறல், வரலாற்றுப் புதினம், மதுவிலக்கு, உடையார்குடிக் கல்வெட்டு, நந்தினி

முன்னுரை

வரலாறு, மாயம், காதல் ஆகிய மூன்றையும் கலந்த புதினம் இன்று உலகெங்கும் வாசகரைப் பெற்ற வகையாகும். லுவான் ஜி. ஸ்மித்தின் 'தி வைன் விட்ச்' (2019) பிரெஞ்சுத் திராட்சைத் தோட்டமொன்றைக் களமாகக் கொண்டது. அதில் மந்திரம் அறிந்த பெண்ணே மது வடிக்கும் கலையும் அறிந்தவள். மந்திரம் அங்கு மெய்; வடித்தலின் நுட்பத்தில் அதுவும் ஓர் உறுப்பு. இவ்வகைக்குத் தமிழில் நிகர் தேடும் ஆய்வாளர் இயல்பாகவே வரலாற்றுப் புதினங்களை நோக்கித் திரும்புவர். மந்திரவாதி, சோதிடர், தேவராளன், மயக்கும் பேரழகி எனப் 'பொன்னியின் செல்வன்' அத்தேடலுக்கு வேண்டிய பாத்திரங்களை நிறையவே தருகிறது. ஆனால் அந்நாவலில் ஒரு மந்திரமும் பலிப்பதில்லை. கதையின் முதன்மையான திருப்பம் எதுவும் மதுவின் மயக்கத்தால் நிகழ்வதுமில்லை. மாந்திரிகம் இருந்தும் மாயம் இல்லாத இப்புதினத்தைப் புரிந்துகொள்ள, அது எந்த மரபிலிருந்து தன் பொருளை எடுத்தது, எடுத்ததை என்ன செய்தது என்று காண வேண்டும்.

1. ஒரு சொல்லின் பொருட்பரப்பு

'வெறி' என்னும் சொல்லுக்கு மணம், கள், மயக்கம், ஆடு, வெறியாட்டு எனப் பல பொருள்களைச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி தருகிறது. இப்பொருள்கள் தற்செயலாகக் குவிந்தவை அல்ல. மலர் மணக்கும் களம், அங்கு பலியாகும் மறி, ஆடுவோன் அடையும் மயக்கம், அதே நிலத்து மக்கள் பருகும் கள் ஆகிய அனைத்தும் குறிஞ்சி வாழ்வின் கூறுகள். திருமுருகாற்றுப்படையின் குன்றுதோறாடல் பகுதி இதற்குத் தெளிவான சான்று. வேலனும், மூங்கிற் குழாயில் நெடுநாள் விளைந்த தேன்கள்ளின் தெளிவைச் சுற்றத்தோடு உண்டு மகிழும் குன்றவரும், சிறுபறைக்கேற்ப அவர்கள் ஆடும் குரவையும் அங்கு ஒரே காட்சியில் அமைகின்றன. வழிபாட்டின் மயக்கத்தையும் கள்ளின் மயக்கத்தையும் தனித்தனியே பிரித்து, ஒன்றைத் தூயதென்றும் மற்றதை இழிந்ததென்றும் கூறும் நோக்கு அப்பனுவலில் இல்லை.

'தேறல்' என்னும் சொல்லும் கருதத்தக்கது. தேறுதல் என்பது தெளிதல். கலங்கல் அடங்கி மேலே தெளிந்து நிற்கும் கள்ளே தேறல் எனப்பட்டது. மயக்கும் பொருளுக்குத் தெளிவைக் கொண்டு பெயரிட்ட சமூகம் அதை அச்சத்தோடு நோக்கியிருக்க இயலாது.

2. வடித்தலும் வழங்கலும்

மது வடிக்கும் முறையைச் சங்க இலக்கியம் அறிந்தே பாடியுள்ளது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, தொண்டை நாட்டு வலைஞர் குடியிருப்பில் அரிசிக்கள் உருவாகும் விதத்தைப் படிப்படியாகக் கூறுகிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆற்றி, நெல்முளையைச் சேர்த்து, உறுதியான வாயையுடைய சாடியில் இரு பகலும் இரு இரவும் வைத்து, முற்றியபின் விரலால் அலைத்துப் பிழிந்தெடுக்கின்றனர். முளையின் துணையால் மாவுப்பொருள் இனிமையாகி, அவ்வினிமை நொதித்து மதுவாகும் செயல்முறையின் ஒழுங்கு இவ்வருணனையில் பிழையின்றி அமைந்துள்ளது. இதில் மந்திரத்துக்கு இடமில்லை. காலமும் கைப்பழக்கமுமே உள்ளன.

அயல்மதுவும் இம்மரபுக்குத் தெரிந்ததே. பாண்டியன் நன்மாறனை நக்கீரர் பாடிய புறநானூற்றுப் பாடல் (56), யவனர் கொணர்ந்த நறுமணத் தேறலை மகளிர் பொற்கலத்தில் ஏந்தி ஊட்ட, அவன் மகிழ்ந்திருக்குமாறு வாழ்த்துகிறது. 1945இல் மார்டிமர் வீலர் அரிக்கமேட்டில் நிகழ்த்திய அகழாய்வில் கிடைத்த மத்தியதரைக்கடல் நாட்டு மதுச்சாடிகளின் உடைசல்கள் இவ்வணிகத்துக்குத் தொல்பொருட் சான்றாயின. அதியமான் மறைந்தபின் ஔவையார் பாடிய கையறுநிலையில் (புறம். 235) அவனது கொடையின் முதல் நினைவாக வருவதும் கள்ளே. குறைவாக இருந்தால் பாணர்க்குத் தந்துவிடுவதும், மிகுந்தால் உடனிருந்து உண்பதும் அவன் இயல்பாகக் காட்டப்படுகின்றன. வேந்தனுக்கும் இரவலனுக்கும் இடைப்பட்ட உறவின் அளவுகோலாகக் கள் அங்கு நிற்கிறது.

3. வேலன் பிழைபடும் இடம்

அகப்பாடல்களில் வெறியாட்டு ஒரு குறிப்பிட்ட சூழலில் நிகழ்கிறது. களவில் தலைவனைக் கூடிய தலைவி பிரிவால் மெலிகிறாள். தாய் அதை முருகன் அணங்கியதெனக் கொண்டு வேலனை அழைக்கிறாள். நோயின் காரணம் தலைவிக்கும் தோழிக்கும் தெரியும், வேலனுக்குத் தெரியாது. இத்தெரியாமையின்மீதே வெறிவிலக்குத் துறைப் பாடல்கள் கட்டப்பட்டுள்ளன. நற்றிணை 34இல் தோழி வேலனைக் கடந்து முருகனிடமே பேசுகிறாள். இந்நோய் தன்னால் வந்ததன்று என அறிந்தும் வெறிக்களத்துக்கு வந்த அவன் கடவுளே ஆயினும் அறியாமையுடையவன் என்கிறாள். குறுந்தொகை 362இல், தலைவியின் நோய்க்குக் காரணமான மலைநாடனின் மார்பும் இப்பலியை உண்ணுமோ என வேலனை வினவுகிறாள்.

இப்பாடல்கள் வேலனை நகையாடினும் அவனை வஞ்சகனாக்குவதில்லை. அவன் தன் தொழிலை நேர்மையுடன் செய்பவன். அறிகுறியைத் தவறாகப் படித்தவன், அவ்வளவே. வெறியாட்டு தோற்கும்போது வெளிப்படுவது காதல். அதன்வழிக் கற்பு வாழ்வுக்கு வாயில் திறக்கிறது. மந்திரத்தின்மீதான ஐயம் தமிழ்க் காதல் இலக்கியத்துக்குப் புதிதன்று என்பதும், அவ்வையம் எவரையும் குற்றவாளியாக்கவில்லை என்பதும் இங்கு மனங்கொள்ளத்தக்கவை.

4. கடம்பூர் இரவு

1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்', தொடக்க அத்தியாயங்களிலேயே இம்மரபை நேரடியாக மேடையேற்றுகிறது. கடம்பூர் மாளிகையில் பழுவேட்டரையரும் பிற விருந்தினரும் காணக் குரவைக்கூத்து நடக்கிறது. தொடர்ந்து தேவராளனும் தேவராட்டியும் வேலனாட்டம் ஆடுகின்றனர். ஆவேசம் கொண்ட தேவராளன் அரசகுலத்து இரத்தப் பலி கேட்கிறான். அடுத்து வருவது சிற்றரசர்களின் நடுநிசிக் கூட்டம். குரவை, வெறி, இரவு என்னும் திருமுருகாற்றுப்படையின் சூழலைக் கல்கி அறிந்தே மீட்டமைத்துள்ளார் எனலாம்.

ஆனால் பின்னர்த் திருப்புறம்பியத்துப் பள்ளிப்படைக் காட்டில் ஆழ்வார்க்கடியான் மறைந்திருந்து காணும் சதிகாரர் கூட்டத்தில் அதே தேவராளனும் இருக்கிறான். கடம்பூரில் அவன் கொண்ட ஆவேசம் நடிப்பென்று வாசகர் அப்போது உணர்கின்றனர். ரவிதாஸனின் மாந்திரிகமும் இத்தகையதே. ஆந்தைக் குரல் அவனது அடையாள ஒலி. மந்திரவாதி என்னும் பெயர் பழுவூர் அரண்மனைக்குள் நுழைவதற்கான வழி. நோயுற்ற சுந்தர சோழரின் முன் நள்ளிரவில் மந்தாகினியின் ஆவியாக நந்தினி தோன்றும் காட்சியும் ஒரு வேடமே. மந்திரம் என வந்தவை அனைத்தையும் நாவல் அரசியலாகப் பெயர்த்துக் காட்டுகிறது.

இதைப் பகுத்தறிவு நோக்கின் வெற்றியெனக் கொள்வது எளிது. மேற்கண்ட அகப்பாடல்களோடு ஒப்பிட்டால் ஓர் இழப்பும் புலப்படும். பிழைபட்ட வேலன் இங்கு வஞ்சக வேலனாகிறான். ஊர்ப்புறச் சடங்கின் ஆட்டக்காரன் அரசத் துரோகியின் மறுவேடமாகச் சுருங்குகிறான். வெறியாட்டு பொய்த்தபின் வெளிப்படுவது காதலன்று, கொலைத் திட்டம்.

5. பிரமாதிராயன் மந்திரவாதியாதல்

இம்மாற்றத்தின் அளவைக் காட்டுமதிப்புமிக்க சான்று காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டாகும். முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அது, பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், பஞ்சவன் பிரமாதிராயன் என்னும் பட்டம்பெற்ற ரவிதாஸன், இருமுடிச்சோழ பிரமாதிராயன் என்னும் பட்டம்பெற்ற பரமேச்சுவரன் ஆகிய உடன்பிறந்தாரைக் குறிப்பிடுகிறது. அவர்களுடைய சுற்றத்தாரின் உடைமைகள் பற்றிய அரசாணையே அதன் பொருள். பிரமாதிராயன் என்பது அரசுப் பணியிலிருந்த அந்தணர்க்கு வழங்கிய பட்டம். எனவே கல்வெட்டு காட்டுவது அதிகாரத்தின் உள்ளிருந்து எழுந்த கொலை.

நாவலில் இப்பெயர்கள் மாறவில்லை, தொழில் மாறிவிடுகிறது. ரவிதாஸன் ஆந்தைபோல் குரலிடும் மந்திரவாதியாகவும், பரமேச்சுவரன் வேலனாட்டம் ஆடும் தேவராளனாகவும் வாசகர்முன் வருகின்றனர். நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாறும் சதாசிவ பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் வரலாறும் வெளிவந்துவிட்ட காலத்தில் எழுதியவர் கல்கி. ஆகவே இதை அறியாமை எனக் கொள்ள இயலாது. புனைவுக்கு அச்சமூட்டும் முகமொன்று தேவைப்பட்டது. பட்டம்பெற்ற அதிகாரிக்கு அம்முகம் பொருந்தாது. சடங்காடிக்குப் பொருந்தும் என்று வாசகரின் பொதுப்புத்தி கருதும். அரசவையின் குற்றம் இவ்வாறு சுடுகாட்டுக்கும் வெறிக்களத்துக்கும் இடம்பெயர்கிறது. ஒரு தலைமுறை வாசகர் சோழர் வரலாற்றை இந்நாவல் வழியே அறிந்தது என்பதால், இவ்விடப்பெயர்ச்சியைப் புனைவுரிமை என்று மட்டும் கூறிக் கடந்துவிட முடியாது.

6. பின்னுக்குச் சென்ற தேறல்

வெறியாட்டை இவ்வளவு விரிவாக எடுத்தாண்ட நாவல் தேறலுக்கு ஏன் அத்தகைய இடம் தரவில்லை? விடையின் ஒரு பகுதி ஆசிரியரின் வாழ்வில் உள்ளது. திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் இராஜாஜியுடன் இருந்து, மதுவிலக்குப் பரப்புரைக்கென நடத்தப்பட்ட 'விமோசனம்' இதழில் பணியாற்றியவர் கல்கி. இராஜாஜி அமைச்சரவை 1937இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுதும் விரிந்தது. 'பொன்னியின் செல்வன்' தொடர் முழுதும் மதுவிலக்குக் காலத்தில் எழுதப்பட்டு, மதுவிலக்குக் காலக் குடும்பங்களில் வாசிக்கப்பட்டது. அவ்வாசகர் பெருமிதம் கொள்ளத்தக்க சோழர் காலத்தில், கொடையின் அடையாளமாகக் கள் இருந்ததென்று காட்டுவது அக்காலத்து இலட்சியத்தோடு முரண்படும்.

ஆனால் மயக்கம் இன்றிக் காதற்புனைவு நிற்காது. கள் விட்டுச்சென்ற இடத்தை நாவலில் நிரப்புபவள் நந்தினி. பெரிய பழுவேட்டரையர், கந்தமாறன், பார்த்திபேந்திரன் எனப் பலரும் அவள்முன் தம்வயம் இழக்கின்றனர். அந்நிலையை நாவல் போதை, மோகம், மாயம் ஆகியவற்றின் சொற்களாலேயே வருணிக்கிறது. சாடியில் இருந்த மயக்கம் இவ்வாறு பெண்ணின்மீது ஏற்றப்படுகிறது.

7. நந்தினியின் நோய்

இவ்விடத்தில் நாவல் தன் மாந்தரைவிட நுட்பமாக இயங்குகிறது என்பதையும் கூற வேண்டும். நந்தினியை மோகினி என்று எண்ணுபவர்கள் கதைமாந்தர்களே. வீரபாண்டியனின் உயிருக்காக அவள் மன்றாடியதையும், அதைப் பொருட்படுத்தாது தான் அவன் தலையைக் கொய்ததையும் கரிகாலன் வாயாலேயே கல்கி சொல்ல வைக்கிறார். அவளிடம் உள்ளது மந்திரமன்று, ஆறாத காயம். அகத்தலைவியின் மெலிவை முருகனின் செயலென்று தாய் தவறாகப் படித்ததுபோல, நந்தினியின் துயரை மாயமென்று அரண்மனை தவறாகப் படிக்கிறது. அகத்தலைவிக்கு உண்மையை எடுத்துரைக்கத் தோழி ஒருத்தி இருந்தாள். நந்தினிக்கு அப்படி எவருமில்லை. வெறிவிலக்கு மரபின் உள்ளீடு இந்நாவலில் உயிரோடு எஞ்சியிருப்பது கடம்பூர் வேலனாட்டத்திலன்று, இத்தனிமையில்தான்.

8. மேடையும் திரையும்

1999இல் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாயின. தியாகராய நகரின் வானதி பதிப்பகம் நெடுங்காலம் பதிப்பித்த இந்நாவல் அதன்பின் பல பதிப்பகங்களின் விலைக்குறைந்த பதிப்புகளாகப் பரவியது. அதே ஆண்டில் மேஜிக் லாண்டர்ன் குழுவினர் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திடலிலும், 2014இல் மியூசிக் அகாதெமியிலும் இதை நாடகமாக நிகழ்த்தினர். நாடகவடிவை உருவாக்கிய குமரவேல், மணிரத்னம் இயக்கிய திரைப்படத்தின் (2022, 2023) திரைக்கதையிலும் பங்கேற்றார்.

அத்திரைப்படம் செய்த ஒரு மாற்றம் இவ்வாய்வுக்கு முதன்மையானது. அதில் ஆதித்த கரிகாலன் வெளிப்படையாகக் குடிக்கிறான். நந்தினியை மறப்பதற்கே குடிப்பதாகவும் சொல்கிறான். 1971இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டு அரைநூற்றாண்டு கடந்த சமூகத்தின் திரையில், நாவல் பின்தள்ளிய கள் மீண்டும் முன்வருகிறது. எனினும் அது சங்கத் தேறலாகத் திரும்பவில்லை. ஔவைக்கும் அதியமானுக்கும் இடையே பகிரப்பட்ட கள், இங்குத் தனியொருவனின் மறதிக்கு மருந்தாகிறது. மதுவிலக்கு இயக்கம் கள்ளைத் தீமையெனக் கண்டது. திரைப்படம் அதைத் துயரமெனக் காண்கிறது. இரண்டுமே அதை உறவின் பொருளாகக் காணவில்லை.

முடிவுரை

'பொன்னியின் செல்வ'னை மாயப் புனைவு என்று வகைப்படுத்துவதும், பகுத்தறிவுப் புனைவு என்று பாராட்டி நிறுத்துவதும் முழுமையான மதிப்பீடுகள் ஆகா. மந்திரத்தை நம்பாமை அது சங்க அகமரபிலிருந்து பெற்ற பேறு. நம்பாத மந்திரத்தின் அச்சத்தை மட்டும் தக்கவைத்து, அதைச் சடங்காடிகள்மீதும் ஒரு பெண்மீதும் ஏற்றியது அதன் காலம் அதற்குத் தந்த எல்லை. கல்வெட்டு பெயர்சொல்லிக் குறித்த அதிகாரிகள் மந்திரவாதிகளாக மாறியதும், பாணரோடு பகிர்ந்த கள் நந்தினியின் கண்ணில் மயக்கமாக மாறியதும் அவ்வெல்லையின் இரு வெளிப்பாடுகள். சோழர் வரலாற்றை இந்நாவல் வழியே முதலில் அறியும் மாணவர்க்கு உடையார்குடிக் கல்வெட்டையும், வெறிவிலக்குப் பாடல்களையும், பெரும்பாணாற்றுப்படையின் கள்வடிப்புப் பகுதியையும் உடன்வைத்துக் கற்பிப்பது, நாவலின் சுவையைக் குறைக்காமலேயே அதன் எல்லையைக் காட்டும்.