இணைநிறுத்தலும் புதுப்பொருளும்

இரண்டினை அருகருகே நிறுத்தி, அவற்றுள் எதனிலும் தனியே காணப்படாத வேறொரு பொருளைத் தோற்றுவித்தல் தமிழ்ச் செய்யுளுக்குப் புதிதன்று. தொல்காப்பியர் கூறும் உள்ளுறையுவமத்தில் புலவன் விலங்கையும் பறவையையும் மரத்தையுமே பாடுகின்றான். அவற்றைத் தலைமக்கள் வாழ்வோடு பொருத்திக் கூறாததை உணர்தல் கேட்போர் கடன். 1920களில் உருசியத் திரைப்பட நெறியாளர் ஐசன்ஸ்டைன் காட்சிகளை ஒன்றோடொன்று மோதவிட்டுப் புதுக்கருத்துப் பிறப்பித்தமையும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. ஓவியத்தில் இந்நெறி தொழிற்படுமாற்றை அறிய யாழ்ப்பாண ஓவியர் தா. சனாதனனின் படைப்பொன்று பெரிதும் துணைசெய்யும்.

‘முற்றுப்பெறாத தோம்பு’ எனப் பொருள்படும் ஆங்கிலத் தலைப்புடன் 2011இல் வெளிவந்த நூலே அது. தோம்பு என்பது போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வரி அறவிடும்பொருட்டு எழுதுவித்த காணிப் பதிவேடு. அதில் உடைமை உண்டு. உடையவர் உள்ளம் இல்லை. இந்நூலிலோ, போரினால் இடம்பெயர்ந்த தமிழ்பேசும் மக்கள் எண்பதின்மர், தாம் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்துள்ளனர். கட்டடக்கலைஞர் முறைப்படி வரைந்த படமும், சனாதனன் உலர் வண்ணக்கோலால் தீட்டிய சித்திரமும் உடன் நிற்கின்றன. அவரவர் கதையும் எழுத்தில் உண்டு.

படங்கள் மூன்றாயினும் அவை இரண்டிரண்டாகவே பொருள் பயக்கின்றன. நினைவுப்படத்தைத் தனியே நோக்கின், பயிலாத கையின் கிறுக்கலென ஒதுக்கிவிடலாம். கட்டடக்கலைஞர் படம் தனித்து நிற்பின், இனிக் கட்டப்படவிருக்கும் வீட்டுக்குரியது என்றே கொள்ளத்தோன்றும். இரண்டும் அருகருகே நிற்கும்போதோ, கிறுக்கல் சான்றாகின்றது. திருத்தமான கோடு இல்லாமற்போன வீட்டின் நிழலாகின்றது. அளவு பிழைத்த அறையைக் காணி அலுவலகம் குற்றமென்னும். அப்பிழையே ஈண்டு செய்தியாகும். உள்ளம் எதனைப் பெரிதாகக் காத்து வைத்தது என்பதை அதுவன்றி வேறெது காட்டும்?

ஓவியரின் சித்திரம் இவற்றோடு சேருங்கால் ஓர் ஐயம் எழுதல் இயல்பு. பிறர் துயரைக் கலைஞர் தம் கற்பனைக்குக் கருவியாக்கினாரோ என்பதே அது. சித்திரம் கதைக்கு உரையாக மட்டும் அமையுமாயின் இணைப்பு நெகிழும். தரைப்படத்துக்கு அடங்காத ஒன்றை அது தருமிடத்தே வலிமை பெறும். உரியவரின் கோட்டை அழிக்காது, தம் கோட்டை அதன்மேல் ஏற்றாது, பக்கத்தே வைத்தமையால் ஓவியர் அக்குற்றத்தினின்றும் நீங்குகின்றார்.

முன்னர் 2005 முதல் 2007 வரை சனாதனனும் ஏனைய மூன்று இலங்கை ஓவியரும் அஞ்சல்வழி ஓவியங்களைப் பரிமாறி, ஒன்றுக்கு ஒன்றாக விடைவரைந்தனர். அது ஒத்த கலைஞரிடை நிகழ்ந்த உரையாடல். தோம்பிலோ கலைஞரல்லாதார் கோடும் சமநிலை பெறுகின்றது.

முற்றுப்பெறாமை என்பதும் இதனாலேயே விளங்கும். படங்களுக்கிடையே உள்ள வெளியை நிரப்பும் பொறுப்பு நோக்குவோரிடம் விடப்பட்டுள்ளது. வீடிழந்தார் ஒருவர் காணும் பொருளும் இழவாதார் காணும் பொருளும் ஒன்றாகா. இவ்வேறுபாட்டுக்கு இடந்தருவதே இணைநிறுத்தலின் பயன்.