எண்ணை மட்டும் நம்பலாமா?

யூனிக்ஸில் ஓடும் ஒவ்வொரு புராசஸுக்கும் கர்னல் ஓர் எண் தருகிறது. அதுதான் பிஐடி. சி மொழியில் அது மைனஸும் ஏற்கும் வெறும் முழு எண். வினை அங்கேயே தொடங்குகிறது. கில் என்ற அழைப்புக்கு 0 கொடுத்தால், அழைத்தவரின் குழு முழுவதற்கும் சிக்னல் போகும். -1 கொடுத்தால், அனுமதி உள்ள புராசஸ் ஏறக்குறைய அனைத்துக்கும் போகும். புதிய புராசஸை உருவாக்கும் ஃபோர்க் அழைப்பு தோற்றால் திரும்பி வருவதும் அதே -1 தான். அதைச் சோதிக்காமல் சேமித்து வைத்து, பிறகு கொல்லும் சிக்னலை அனுப்பினால், அந்தப் பயனருடைய மற்ற புராசஸ்கள் அத்தனையும் ஒரே அடியில் சாகும்.

ரஸ்ட் மொழியின் ரஸ்டிக்ஸ் நூலகம் இதற்குக் கண்ட வழி அழகானது. அங்கே பிஐடி ஒரு தனி வகை. உள்ளே இருப்பது சுழியாகவே இருக்க முடியாத 32 பிட் எண். 0 என்ற இடம் காலியாக இருப்பதால், 'எண் இல்லை' என்பதை அதே 4 பைட்டுக்குள் குறித்துவிடலாம். தாய்ப் புராசஸின் பிஐடியைக் கேட்கும்போது, அது வேறு பிஐடி நேம்ஸ்பேஸில் இருந்தால் லினக்ஸ் 0 தரும். இங்கே அது 'இல்லை' என்றே வருவதால், நிரலாளர் மறந்தாலும் கம்பைலர் விடாது. ஒரு புராசஸைக் கொல்ல ஒரு ஃபங்ஷன், குழுவைக் கொல்ல வேறொன்று. ஒரே எண்ணின் குறியை வைத்து ஆளையும் கூட்டத்தையும் பிரிக்கும் பழைய வழக்கம் இதனால் ஒழிகிறது.

ரஸ்டின் சொந்த நூலகம் இவ்வளவு கவனம் காட்டவில்லை. பிறந்த புராசஸைக் குறிக்கும் அதன் சைல்ட் வகை தரும் எண் மைனஸ் இல்லாத 32 பிட் எண். அதைக் கில்லுக்கு அனுப்ப மைனஸும் ஏற்கும் எண்ணாக மாற்ற வேண்டும். அதற்கு 'ஆஸ்' என்ற வகைமாற்றச் சொல்லைப் போட்டால், அது 4294967295-ஐச் சத்தமில்லாமல் -1 ஆக்கும். 64 பிட் லினக்ஸில் பிஐடி 4194304-ஐத் தாண்டாது என்பதால், கர்னல் தந்த எண்ணால் ஆபத்தில்லை. கோப்பிலிருந்து படித்த எண்ணுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

ஆனால் இவை எல்லாம் எண்ணின் வடிவத்தை மட்டுமே காக்கின்றன. புராசஸ் செத்து, அதன் முடிவைத் தாய் வெயிட் அழைப்பால் பெற்று முடித்ததும், அதே எண் வேறொருவருக்குப் போகலாம். ரஸ்டிக்ஸின் பிஐடியையோ எங்கும் நகலெடுத்து வைக்கலாம். பழசான நகல் எது என்று கம்பைலருக்குத் தெரியாது. ரஸ்டின் சொந்த நூலகம் முந்துவது இந்த இடத்தில்தான். வெயிட் செய்யும்வரை எண் மறுபடி வழங்கப்படாது. வெயிட் முடிந்ததைச் சைல்ட் நினைவில் வைத்திருப்பதால், அதன் கில் அந்த எண்ணுக்குச் சிக்னல் அனுப்பாது. எண்ணை விட உரிமை நம்பகமானது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

நாம் பெறாத புராசஸுக்கு? 2019-இல் லினக்ஸ் 5.1, 5.3 பதிப்புகளில் வந்த பிஐடிஎஃப்டி அழைப்புகள், எண்ணுக்குப் பதில் புராசஸையே சுட்டும் ஃபைல் டிஸ்கிரிப்டரைக் கையில் தருகின்றன. ஆள் செத்துவிட்டால் பிழை திரும்பும்; சிக்னல் அடுத்தவர் மேல் விழாது. எனினும் இது மேக்ஓஎஸ்ஸில் இல்லை. லினக்ஸிலும், கோப்பில் எண்ணைப் படிப்பதற்கும் டிஸ்கிரிப்டரைத் திறப்பதற்கும் நடுவில் ஆள் மாறிவிடலாம். ஃபோர்க் செய்யும் தாயே அதைப் பிறப்பிலேயே வாங்கி வைத்திருந்தால் அந்த இடைவெளி இல்லை.